சேலத்துச் சமவெளியில் சைக்கிளின் சரித்திரம்

வடக்கே சேர்வராயன் மலையும், தெற்கே ஜருகுமலையும், மேற்கே கஞ்சமலையும், கிழக்கே கோதுமலையும் காவல் நிற்க, அவற்றின் நடுவே அமைந்த சேலம் நகரத்திலிருந்து புறப்பட்டு, ராசிபுரம், நாமக்கல், திருச்செங்கோடு ஆகிய ஊர்களைத் தொட்டுக்கொண்டு காவிரிக் கரை வரைக்கும் விரிந்து செல்லும் பூமி, மேடும் பள்ளமும் உடையதே ஆயினும், வண்டியை விட்டு இறங்கித் தள்ளும்படி மனிதனை வருத்துகிற நீண்ட ஏற்றங்கள் அதிகம் இல்லாத பூமி. ஏற்காட்டுக்குச் செல்லும் 20 கொண்டை ஊசி வளைவுகளையும், கொல்லிமலைக்குச் செல்லும் 70 வளைவுகளையும் விலக்கிவிட்டுப் பார்த்தால், இப்பிரதேசத்தின் சாலைகள் பெரும்பாலும் இரு கால்களின் பலத்துக்கு அடங்கியவை. ஆகையால் சைக்கிள் என்ற எளிய சாதனம் இங்கே மூன்று தலைமுறைகளுக்கு அன்றாட வாழ்வின் ஓர் அங்கமாகவே இருந்து வந்தது.

இன்று சேலத்திலோ நாமக்கல்லிலோ சைக்கிள் கடைக்குச் செல்லுகிற ஒருவர் முன்னால் இரண்டு ஜாதி வண்டிகள் நிற்கின்றன. ஒன்று, மிதித்தால் மட்டுமே நகரும் பழைய சைக்கிள். மற்றொன்று, பின்சக்கரத்தின் குடத்துக்குள் ஒரு சிறு மோட்டாரையும், சட்டத்தோடு பிணைத்த ஒரு பேட்டரியையும் கொண்டு, மிதிப்பவருக்குத் தானும் தோள்கொடுக்கிற மின்சார சைக்கிள். இவற்றுள் எதைக் கொள்வது என்ற கேள்வி புதியதாகத் தோன்றினாலும், உடம்பின் உழைப்பை வைத்துக்கொள்வதா, அதை யந்திரத்திடம் ஒப்படைப்பதா என்ற விசாரம் இந்தச் சமவெளிக்குப் புதியதன்று. கிணற்றடியிலும், தறிக்குழியிலும், சாலையிலும் இதே கேள்வி முன்பே எழுந்து, முன்பே விடை கண்டிருக்கிறது. அந்த விடைகளை ஒருமுறை திரும்பிப் பார்த்தல், இன்று பணத்தை எடுத்து நீட்டுமுன் செய்யத்தக்க காரியமாகும்.

சைக்கிள் வருவதற்கு முன்பு இங்கே பிரயாணம் என்பது மாட்டு வண்டியையும் மனிதக் கால்களையும் நம்பியிருந்தது. 1860-களின் தொடக்கத்திலேயே ரயில் பாதை சேலத்தை எட்டிச் சென்னையோடு இணைத்துவிட்டது என்றாலும், கிராமத்திலிருந்து சந்தைக்கும், சந்தையிலிருந்து கிராமத்துக்கும் ஜனங்களைக் கொண்டு சேர்க்கும் வேலையை ரயில் செய்யவில்லை. வண்டி கட்டுவதற்குக் காளை வேண்டும். காளைக்குத் தீனி வேண்டும். தீனிக்கு நிலம் வேண்டும். ஆகவே நிலமில்லாத நெசவாளரும், கூலி வேலைக்காரரும், சில்லறை வியாபாரியும் தலைச்சுமையோடு நடந்தார்கள். மணிக்கு மூன்று மைல் நடக்கிறவருக்குப் பத்து மைல் தூரத்துச் சந்தை என்பது போக ஒரு வேளை, வர ஒரு வேளை என்று முழுநாளையும் விழுங்கிவிடும் விஷயம். நிலமில்லாதவன் வேகமாகச் செல்வதற்கு இந்நாட்டில் வழியே இல்லாமல் இருந்தது என்பதை மனத்தில் கொண்டால்தான், பின்னால் சைக்கிள் செய்த புரட்சியின் அளவு விளங்கும்.

இங்கிலாந்தில் 1885-இல் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர் இரண்டு சக்கரங்களும் ஏறக்குறையச் சம அளவாக அமைந்து, சங்கிலியால் பின்சக்கரத்தை இயக்கும் ‘ரோவர்’ வண்டியைச் செய்து வெளியிட்டார். 1888-இல் பெல்பாஸ்ட் நகரத்தில் ஜான் பாய்ட் டன்லப், சைக்கிளுக்கு ஏற்ற காற்றடைத்த ரப்பர் டயருக்குக் காப்புரிமை பெற்றார். இவ்விரண்டும் சேர்ந்த பிறகே சைக்கிள் எலும்பை உலுக்கும் விநோதப் பொருள் என்ற நிலையிலிருந்து சாமானிய மனிதன் ஏறத்தக்க வாகனமாயிற்று. அது கப்பலேறி நம் தேசத்துக்கு வந்தபோது, முதலில் துரைமார்களும், பாதிரிமார்களும், பின்னர் வக்கீல்களும், சர்க்கார் உத்தியோகஸ்தர்களுமே அதில் ஏறினார்கள். ராலே, ஹம்பர், ரட்ஜ், பி.எஸ்.ஏ., ஹெர்குலிஸ், பிலிப்ஸ் என்ற சீமைப் பெயர்கள் கௌரவத்தின் முத்திரைகளாகக் கருதப்பட்டன. கல்யாணச் சீர் வரிசையில் கைக்கடிகாரத்தோடு சைக்கிளும் இடம்பெற்றது. மாப்பிள்ளைக்கு வந்த வண்டியின் முன்பக்கத்தில் பொறித்த சின்னத்தைப் பார்த்துவிட்டுப் பெண்வீட்டாரின் அந்தஸ்தை ஊரார் அளந்தார்கள்.

அக்காலத்தில் சைக்கிளைச் சர்க்காரும் ஒரு கனமான சொத்தாகவே கருதியது. நகராட்சிகளும் பஞ்சாயத்துகளும் அதற்கு ஆண்டு வரி விதித்தன. வரி செலுத்தியதற்கு அடையாளமாகக் கொடுக்கப்பட்ட சிறு தகட்டு வில்லையை வண்டியில் மாட்டிக்கொள்ளாமல் சென்றால் வழியில் மறித்துக் கேட்பார்கள். இருட்டிய பிறகு விளக்கில்லாமல் செல்வதும், பின்னால் ஓர் ஆளை ஏற்றிக்கொண்டு ‘டபுள்ஸ்’ போவதும் குற்றங்கள். டைனமோ வாங்க வசதியில்லாதவர்கள் மண்ணெண்ணெய் விளக்கை முன்னால் மாட்டிக்கொண்டார்கள். அதுவும் காற்றில் அணைந்துபோனால், போலீஸ்காரர் நிற்கும் முச்சந்திக்குச் சற்று முன்னதாகவே இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டு சாதுவாக நடந்து போனார்கள்.

இரண்டாம் உலகப் போர் மூண்டபோது, சீமையிலிருந்து வரும் கப்பல்கள் குறைந்தன. 1942-இல் மலேயாவும் சிங்கப்பூரும் ஜப்பானியர் வசமானதால் ரப்பருக்கும் தட்டுப்பாடு வந்தது. பெட்ரோல் கிடைக்காமல் பஸ்களே கரியை எரித்து அதன் வாயுவில் ஓடிய காலம் அது. கீழ்த்திசை நாடுகளிலிருந்து ஜவ்வரிசி வருவது நின்றதால், சேலத்தில் மரவள்ளிக் கிழங்கிலிருந்து அதைச் செய்யும் தொழில் முளைத்தது அந்த ஆண்டுகளில்தான். வெளியிலிருந்து வருவது நின்றால் உள்ளூரில் செய்துகொள்ளவேண்டும் என்ற அதே நியாயம், சுதந்திரத்துக்குப் பின் சைக்கிளுக்கும் பொருந்திற்று. முருகப்பா குடும்பத்தார் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து, 1949-இல் டி.ஐ. சைக்கிள்ஸ் என்ற ஸ்தாபனத்தைத் தொடங்க, 1951 முதல் சென்னையை அடுத்த அம்பத்தூரிலிருந்து ஹெர்குலிஸ் வண்டிகள் வெளிவரலாயின. அதே 1951-இல் சோனிபத்தில் அட்லஸும், 1956-இல் லூதியானாவில் ஹீரோவும் தோன்றின. சீமைச் சரக்காக இருந்த வண்டி ஐந்தாறு ஆண்டுகளுக்குள் சுதேசிச் சரக்காகி, உத்தியோகஸ்தரின் கையிலிருந்து உழைப்பாளியின் கைக்கு மாறத் தொடங்கியது.

இந்த மாற்றத்தின் பிறகே சேலம், நாமக்கல் பிரதேசத்துச் சைக்கிளுக்குத் தனியான சரித்திரம் உண்டாகிறது. பட்டணவாசி அதை ஓர் ஆளைச் சுமக்கும் வாகனமாகக் கண்டான். இந்தப் பிரதேசத்தார் அதைச் சரக்கைச் சுமக்கும் சாதனமாகக் கண்டார்கள். சேலத்து அம்மாபேட்டை, குகை முதலிய பேட்டைகளிலும், இளம்பிள்ளை, ஆட்டையாம்பட்டி, வெண்ணந்தூர், ராசிபுரம் முதலிய ஊர்களிலும் பரவியிருந்த நெசவுத்தொழில், நூலும் துணியும் ஓயாமல் இடம் மாறிக்கொண்டிருப்பதையே உயிராகக் கொண்டது. முதலாளியிடம் பாவு நூலை வாங்கி வீட்டுக்குக் கொண்டு போகவேண்டும். நெய்து முடித்த சேலையையோ வேட்டியையோ திரும்பக் கொண்டு வந்து கொடுத்துக் கூலி பெறவேண்டும். சாயப்பட்டறை ஓரிடத்தில், தறி ஓரிடத்தில், கடை மற்றோரிடத்தில். தலையில் சுமந்து நடந்த இந்தப் பாரம் சைக்கிளின் கேரியருக்கு மாறியபோது, நெசவாளர் குடும்பத்துக்கு வாரத்தில் ஒரு நாள் மிச்சமாயிற்று. அந்த ஒரு நாளில் தறி ஓடும் என்பதே சைக்கிளின் உண்மையான விலை மதிப்பு.

நெசவாளரைத் தொடர்ந்து மற்றவர்களும் வந்தார்கள். பால்காரர் இருபுறமும் கேன்களைத் தொங்கவிட்டார். நாமக்கல்லைச் சுற்றிக் கோழிப்பண்ணைகள் பெருகியபோது, முப்பது முட்டை கொள்ளும் அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ரப்பர்க் கயிற்றால் இறுக்கிக் கட்டி, ஒரு முட்டையும் உடையாமல் கடைகடையாகக் கொண்டுபோய்க் கொடுக்கிற திறமையாளர்கள் தோன்றினார்கள். குச்சிக்கிழங்கு மூட்டைகளும், பரமத்தி வேலூர்ப் பக்கத்து வெற்றிலைக் கட்டுகளும், வாழைத்தார்களும், ஐஸ் பெட்டிகளும், ஈயம் பூசிய பாத்திரங்களும் எல்லாம் சைக்கிள் ஏறின. கம்பெனி செய்து அனுப்பிய உருவத்தோடு வண்டி அப்படியே ஓடியதென்று எண்ணவேண்டாம். உள்ளூர்க் கொல்லர் கேரியருக்கு அடியில் கூடுதலாகக் கம்பி வைத்துப் பற்றவைத்தார், ஸ்டாண்டைத் தடிமனாக்கினார், முன்பக்கத்துக் கவைக்கு இரட்டைக் கம்பி கொடுத்தார். அம்பத்தூரில் பிறந்த வண்டி சேலத்தில் மறுபிறப்பு எடுத்தது என்று சொன்னாலும் தகும்.

வண்டி வாங்க வசதியில்லாதவர்களுக்கு வாடகைக் கடைகள் இருந்தன. மணிக்கு இவ்வளவு என்று கணக்கு; பெயரும் ஊரும் தெரிந்தவர்களுக்கே வண்டி; திருப்பி விடும்போது டயரை அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் கடைக்காரர் காசை வாங்குவார். கோடை விடுமுறையில் இந்தக் கடைகளின் முக்கியமான வாடிக்கைக்காரர்கள் சிறுவர்களே. சீட்டில் உட்கார்ந்தால் கால் எட்டாத உயரம் உடையவர்கள், பாருக்குக் கீழே ஒரு காலை நுழைத்து, உடம்பைக் கோணலாக வளைத்துக்கொண்டு மிதிக்கும் ‘குரங்கு பெடல்’ என்ற வித்தையைப் பயின்றார்கள். அந்தப் பெயரிலேயே 2024-இல் ஒரு திரைப்படம் வெளிவந்ததிலிருந்து, அது எத்தனை லட்சம் பேருடைய பாலிய நினைவோ என்பதை ஊகிக்கலாம்.

பெண்கள் நெடுங்காலம் இந்த வித்தைக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்தார்கள். அந்த வேலியை உடைத்தது நம் சமவெளிக்குத் தென்கிழக்கே இருக்கும் புதுக்கோட்டை. அங்கே 1991, 92-ஆம் ஆண்டுகளில், அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்தே கிராமப் பெண்களுக்குக் கற்பித்தது. அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்கு முன்னின்று ஊக்கமளித்தார். கல்குவாரித் தொழிலாளிகளும், விவசாயக் கூலிப் பெண்களும், ஆசிரியைகளும் பெருந்திரளாகச் சைக்கிள் பழகினார்கள். தண்ணீர்க் குடத்தையும், குழந்தையையும், விளைபொருளையும் ஏற்றிக்கொண்டு சென்றார்கள். பஸ்ஸுக்காகக் காத்து நிற்கும் நேரம் அவர்களுக்குச் சொந்தமாயிற்று. பிறகு 2001-இல் பதினோராம் வகுப்பில் படிக்கும் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கு விலையில்லாச் சைக்கிள் கொடுக்கத் தொடங்கிய தமிழக அரசு, 2005-இல் அத்திட்டத்தை மாணவ மாணவியர் அனைவருக்கும் விரித்தது. அதன்பின், பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் எந்த ஊர்ச் சாலையைப் பார்த்தாலும் ஒரே நிறத்துச் சைக்கிள்கள் வரிசையாகச் செல்லும் காட்சி தமிழ்நாட்டின் ஓர் அடையாளமாயிற்று.

இத்தனை பேருடைய வண்டிகளையும் ஓடச் செய்தவர் யார் என்று கேட்டால், சாலையோரத்துப் புளியமரத்தடியில் கடை வைத்திருந்த மெக்கானிக்கையே கைகாட்டவேண்டும். ஒரு பஞ்சர் பெட்டி, ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு பம்பு, நாலைந்து ஸ்பேனர், ஒரு சுத்தியல், ஆணியில் மாட்டிய பழைய டயர்கள். இவைதாம் அவருடைய மூலதனம். டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வரும் இடத்தைக் கண்டுபிடிப்பார். உப்புக் காகிதத்தால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, ஒட்டுத் துண்டைப் பதிப்பார். சக்கரத்தைச் சுழலவிட்டு, கண்ணாலேயே பார்த்து, கம்பிகளை ஒன்றை இறுக்கி மற்றொன்றைத் தளர்த்திக் கோட்டம் எடுப்பார். ஆண்டுக்கொருமுறை முழு வண்டியையும் பிரித்து, மண்ணெண்ணெயில் கழுவி, குண்டுகளை மாற்றி, கிரீஸ் வைத்து ‘ஓவராயில்’ செய்து தருவார். வண்டியின் எந்த உறுப்பும் அவருடைய கண்ணுக்கு மறைவானதாக இல்லை; மாற்று உறுப்போ, அடுத்த சந்தைக்குள் எப்படியும் கிடைத்துவிடும். ஆகவே வண்டி நின்றுபோனாலும் மனிதன் பிழைப்பு நிற்கவில்லை. சைக்கிள் மலிவாக இருந்ததால் மட்டும் அது இங்கே நிலைத்துவிடவில்லை, ஐந்து மைல் சுற்றளவுக்குள் அதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்த ஒருவர் இருந்ததாலேயே நிலைத்தது என்பது என் அபிப்பிராயம்.

இனி மின்சாரத்தின் கதைக்கு வருவோம். காவிரியின் குறுக்கே 1925-இல் தொடங்கிய மேட்டூர் அணை 1934-இல் முடிவுற்றது; 1937-இல் அங்கே மின்சார உற்பத்தியும் தொடங்கிற்று. அந்தச் சக்தி கம்பி வழியே சமவெளிக்குள் நுழைந்தபோது, முதலில் அது சென்று சேர்ந்த இடங்களில் ஒன்று விவசாயியின் கிணறு. கவலை ஏற்றத்தில் இரண்டு காளைகள் முன்னும் பின்னும் நடந்து நடந்து பகலெல்லாம் இறைத்த நீரை, மின்மோட்டார் ஒரு நாழிகைக்குள் இறைத்துவிட்டது. காளைக்கும் மனிதனுக்கும் சிரமம் குறைந்தது மறுக்கமுடியாத நன்மை. ஆனால் காளை களைத்தபோது இறைப்பும் நின்றது. மோட்டாருக்குக் களைப்பே இல்லை. 1990-ஐ ஒட்டி விவசாயிகள் அனைவருக்கும் மின்சாரம் இலவசமான பிறகு, நிலத்தடி நீர் இன்னும் கீழே இறங்க, கிணற்றுக்குள்ளே ஆழ்துளைக் குழாய் இறக்கவேண்டியதாயிற்று. பூமியைத் துளைக்கும் அந்தத் தொழிலில் தேர்ந்த திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இன்று இந்தியா முழுவதும் சென்று வேலை செய்கின்றன என்பதில் பெருமையும் உண்டு, துயரமும் உண்டு.

கிணற்றுக்கு அடுத்த இரண்டாவது சாட்சி, தறி. திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையம் என்ற கிராமத்தில் 1925-இல் ராஜாஜி தொடங்கிய காந்தி ஆசிரமம், ராட்டையையும் கைத்தறியையும் கிராமத்தின் ஜீவாதாரமாகப் போற்றியது. அதே திருச்செங்கோட்டிலும், பள்ளிபாளையத்திலும், குமாரபாளையத்திலும் பின்னாளில் விசைத்தறிகள் பல்லாயிரமாகப் பெருகி இரவு பகல் ஓசையெழுப்பின. கைத்தறி அழிந்து போகவில்லை. சேலத்து வெண்பட்டு வேட்டி போன்ற, கைத்திறனே விலையாக அமைந்த இடங்களில் அது ஒதுங்கி வாழ்கிறது. சாதாரணத் துணியோ விசைத்தறிக்குப் போய்விட்டது. இந்தப் போட்டியில் எந்தத் தறி சிறந்தது என்று யாரும் பட்டிமண்டபம் கூட்டித் தீர்மானிக்கவில்லை. எந்தத் துணிக்கு எந்தத் தறி கட்டுபடியாகிறது என்று கூலிக் கணக்கே தீர்மானித்தது.

காந்தியடிகள் யந்திரங்களை அடியோடு வெறுத்தார் என்று சொல்லுகிறவர்கள், 1924-இல் டெல்லியில் ஒரு மாணவர் வினவியபோது, தையல் மிஷினைத் தாம் விலக்காகக் கொள்வதாக அவர் கூறிய விடையை மறந்துவிடுகிறார்கள். மனிதனை அடிமைப்படுத்தாமல் அவனுடைய கைக்குத் துணை நிற்கும் யந்திரத்தின்மீது அவருக்குப் பகை இல்லை. சைக்கிள் அந்த வகுப்பைச் சேர்ந்தது என்பதில் சந்தேகமில்லை. மின்சார சைக்கிள் எந்த வகுப்பைச் சேர்ந்தது என்பதுதான் நாம் தீர்மானிக்கவேண்டிய விஷயம்.

அதற்குமுன் மூன்றாவதாக ஒரு சாட்சியை விசாரிக்கவேண்டும். அதுவே நம் வழக்குக்கு மிகவும் நெருங்கிய சாட்சி. 1965-இல் தருமபுரி தனி ஜில்லாவாகப் பிரிவதற்கு முன், ஓசூரும் கிருஷ்ணகிரியும் பழைய சேலம் ஜில்லாவையே சேர்ந்திருந்தன. அந்த ஓசூரில் 1980-இல் டி.வி.எஸ். 50 என்ற மொபெட் பிறந்தது. புனேயிலிருந்து 1972-இலேயே லூனா வந்துவிட்டதாயினும், இருவர் அமர்ந்து செல்லும்படி செய்யப்பட்ட இந்த வண்டியைத் தமிழ்நாட்டுக் கிராமங்கள் தம் வீட்டுப் பிள்ளையாகவே ஏற்றுக்கொண்டன. அதிலும் இரு பெடல்கள் இருந்தன என்பதைக் கவனிக்கவேண்டும். மிதித்து ஓட்டினால் என்ஜின் உயிர்பெறும். வழியில் பெட்ரோல் தீர்ந்துபோனால் மூச்சிரைக்க மிதித்தாவது வீடு சேரலாம். காலும் யந்திரமும் ஒரே வண்டியில் கூட்டாளிகளாக இருந்த அமைப்பு அது. இன்றைய மின்சார சைக்கிளின் தத்துவமும் அதுவே.

அந்த மொபெட் பால்கேனையும், புல்லுக்கட்டையும், சிமெண்ட் மூட்டையையும், பாவு உருளையையும் சுமந்தது. அது வந்த சில ஆண்டுகளுக்குள் புளியமரத்தடி மெக்கானிக் கார்புரேட்டரைப் பிரித்து ஊதவும், பிளக்கைத் தேய்க்கவும் கற்றுக்கொண்டார். அவர் கற்றுக்கொண்ட அந்த நாளிலேதான், பாரம் சுமக்கும் தொழிலிலிருந்து சைக்கிள் ஓய்வு பெற்றது. காலப்போக்கில் பெடல்கள் மறைந்து, மொபெட் முழுமையான மோட்டார் வாகனமாயிற்று. சைக்கிளோ பள்ளிக்கூடப் பிள்ளைகளிடமும், வயோதிகர்களிடமும், மிக ஏழைகளிடமும், அண்மைக் காலத்தில் உடற்பயிற்சியை நாடும் நகரவாசிகளிடமும் எஞ்சி நின்றது.

மின்சார சைக்கிளும் நேற்றுப் பிறந்த அதிசயம் அன்று. அமெரிக்காவில் ஆக்டன் போல்டன் என்பவர், பின்சக்கரத்தின் குடத்தில் மோட்டார் வைத்த சைக்கிளுக்கு 1895-ஆம் ஆண்டின் கடைசி நாளிலேயே காப்புரிமை பெற்றுவிட்டார். எடை மிகுந்த ஈயப் பேட்டரியே அதற்கு விலங்காக இருந்தது. ஜப்பானின் யமஹா நிறுவனம் 1993-இல், மிதிப்பவரின் அழுத்தத்தை அறிந்து அதற்கேற்ப மோட்டார் துணைசெய்யும் வண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. லிதியம் வகை மலிந்த பிறகே பேட்டரி சாமானியர் தூக்கி மாட்டத்தக்க பொருளாயிற்று. நம் பிரதேசமும் இத்துறையில் வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. பழைய சேலம் ஜில்லாவின் வடபகுதியாகிய இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டத்தில், போச்சம்பள்ளி அருகே ஓலா ஆலையும், ஓசூரில் ஏத்தர் ஆலையும் மின்சார ஸ்கூட்டர்களைச் செய்கின்றன. மொபெட்டைப் பெற்றெடுத்த டி.வி.எஸ். நிறுவனமும் ஓசூரிலேயே மின்சார ஸ்கூட்டர் செய்கிறது.

சட்டத்தின் போக்கும் சுவையானது. மோட்டாரின் திறன் 250 வாட்டுக்கும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் உட்பட்டிருந்தால், அந்த வண்டியை மத்திய மோட்டார் வாகன விதிகள் மோட்டார் வாகனமாகவே கொள்வதில்லை. பதிவும் வேண்டாம், லைசென்சும் வேண்டாம். பாட்டன் காலத்தில் மோட்டாரே இல்லாத சைக்கிளுக்கு வில்லை கேட்டு மறித்த சர்க்கார், பேரன் காலத்தில் மோட்டார் வைத்த சைக்கிளை ஒன்றும் கேளாமல் விடுகிறது.

இந்த 250 வாட் என்பது எவ்வளவு என்று தெரிந்துகொள்ளுதல் நலம். அது ஒரு குதிரைச்சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. சாதாரணத் தேகக்கட்டு உடையவர் ஒருவர் ஒரு மணி நேரம் இடைவிடாமல் மிதித்தால் 75 முதல் 100 வாட் வரை தரக்கூடும். ஆகவே மின்சார சைக்கிளில் ஏறுகிறவர், தம்மைப்போல் இரண்டு மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு மிதிப்பவராகிறார். 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி கொண்ட ஒரு பேட்டரியை முழுவதும் நிரப்ப ஒரு யூனிட்டில் மூன்றில் ஒரு பங்கைச் சற்று மிஞ்சிய மின்சாரம் போதும், சில்லறைக் காசு. ஓட்டும் செலவில் இதனோடு பெட்ரோல் வண்டி போட்டியிடவே முடியாது.

ஆனால் செலவு பிளக்கில் இல்லை, பேட்டரியில் இருக்கிறது. சில நூறு முறை நிரம்பி வடிந்தபின் அதன் கொள்ளளவு தேயத் தொடங்கும். பங்குனி, சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் நிறுத்தி வைத்தால் அந்தத் தேய்வு விரைவுபடும். சேலத்து வெயிலைப் பற்றி இந்த ஊராருக்கு எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. அது தேய்ந்த நாளில் மாற்றுப் பேட்டரியின் விலை ஒரு புதிய சாதாரணச் சைக்கிளின் விலைக்குச் சமமாகவோ, அதற்கு மேலாகவோ இருக்கும். மோட்டாரை ஆளும் சிறு மின்னணுப் பெட்டியோ பசையிட்டு மூடப்பட்டது. ஒரு கம்பெனியின் பெட்டி மற்றொரு கம்பெனியின் வண்டிக்குப் பொருந்துவது அபூர்வம். புளியமரத்தடி மெக்கானிக் அதன் டியூபுக்குப் பஞ்சர் ஒட்டுவார், செயினை மாட்டுவார், பிரேக்கை இறுக்குவார்; அந்தப் பெட்டியின் முன்னால் அவர் கைகட்டி நிற்கவேண்டியவராகிறார். சைக்கிளும் மொபெட்டும் இந்தச் சமவெளியில் வேரூன்றியதற்குக் காரணமாக இருந்த அந்த ஒரு மனிதரை இந்தப் புதிய வண்டி இன்னும் தன் பக்கம் சேர்த்துக்கொள்ளவில்லை.

ஆகையால் தேர்ந்தெடுப்பவர் தம் தேவையைத் தாமே நிறுத்துப் பார்க்கவேண்டும். இரண்டு மூன்று கிலோமீட்டர் தூரத்துப் பள்ளிக்குச் செல்லும் இளம்பிள்ளைக்கு மோட்டார் தேவையில்லை. வளரும் உடம்புக்கு மிதிப்பதே மருந்து. உள்ளூரிலேயே கடைக்கும் கோயிலுக்கும் சென்று வருபவருக்கும் சாதாரணச் சைக்கிளே சாலும். ஆனால் நாள்தோறும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பட்டறைக்கோ மில்லுக்கோ சென்று, எட்டு மணி நேரம் நின்று வேலை செய்துவிட்டு, ஆடி மாதத்து எதிர்க்காற்றில் திரும்பி வரவேண்டிய தொழிலாளிக்கும், முழங்கால் தேய்ந்தும் உழைப்பை விட முடியாத பால்காரருக்கும், பாவையும் துணியையும் ஏற்றிக்கொண்டு நடமாடும் நெசவாளருக்கும், பெட்ரோலுக்குச் சம்பளத்தில் ஒரு பங்கை இழக்கும் குடும்பத்துக்கும் மின்சார சைக்கிள் உண்மையான உபகாரம். ஏற்காட்டு மலைப்பாதையைப் போன்ற நெடிய ஏற்றங்களை மட்டும் இந்தச் சிறு மோட்டாரிடம் எதிர்பார்க்கலாகாது. பெடல் இல்லாத, அல்லது பெயருக்குப் பெடல் வைத்த வண்டிகளையும் கவனித்து விலக்கவேண்டும். மின்சாரம் தீர்ந்தபோது மிதித்துக்கொண்டு வீடு சேர முடியாத வண்டி, சைக்கிள் என்ற பெயருக்கு உரியதாகாது.

சர்க்காரும் கம்பெனிகளும் செய்யவேண்டிய காரியமும் ஒன்று உண்டு. சேலத்திலும் நாமக்கல்லிலும் உள்ள தொழிற்பயிற்சி நிலையங்களில் சாலையோர மெக்கானிக்குகளுக்கு மாலை வகுப்பு வைத்து, மின்கலத்தைச் சோதிக்கவும், ஒயரிங்கைப் பழுதுபார்க்கவும் கற்றுத் தரலாம். எந்தக் கம்பெனி வண்டிக்கும் பொருந்தும்படி பேட்டரிக்கும் இணைப்புகளுக்கும் பொது அளவுகளை விதிக்கலாம். ஒரு காலத்தில் எந்தக் கம்பெனி சைக்கிளுக்கும் ஒரே அளவு டயரும் ஒரே அளவு குண்டும் பொருந்தியதால் அல்லவா கிராமத்துக் கடை பிழைத்தது?

அந்த ஏற்பாடுகள் வரும்வரை, வண்டி வாங்குகிறவர் கடைக்காரரிடம் விலையையும் வேகத்தையும் கேட்பதற்கு முன்னால், மூன்றாண்டு கழித்து இதன் பேட்டரி தளர்ந்துபோனால் எங்கே, யார், என்ன விலைக்கு மாற்றிக் கொடுப்பார் என்று கேட்கட்டும். தெளிவான விடை கிடைத்தால் மின்சார சைக்கிளை மனநிறைவோடு வாங்கலாம். விடை மழுப்பலாக இருந்தால், சாதாரணச் சைக்கிளை வாங்கி, மீந்த பணத்தில் கனமான கேரியர் ஒன்றும், நல்ல டைனமோ ஒன்றும் பொருத்திக்கொள்வதே புத்திசாலித்தனம்.